ஏழாவது சங்கிலி

சார்,

போன வாரம் முதியோர் கல்வி வகுப்பில் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். அவரவர்க்குப் பிடித்த ஓர் ஊரின் பெயரைச் சிலேட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் உட்காரும் மீன்காரம்மா சமயபுரம் என்று எழுதினார். அதற்கு அடுத்தவர், மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று குளித்தலையை எழுதினார். நான் சாக்பீஸைக் கையில் எடுத்தேன். அதன் தூள் மூக்கில் ஏறியது. உங்கள் வீட்டுக் கறுப்பு மேஜையில் ஆறுகளை முதலில் சாக்பீஸால் போட்டுப் பார்ப்போமே, பிடிக்காவிட்டால் ரோஸி அக்காவின் கரித்துணியால் துடைத்துவிட்டு வேறு பக்கம் திருப்புவோமே, அந்த வாசனை. கை தானாக எழுதிவிட்டது. நெடுங்கல்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "இது எங்க இருக்கு தாத்தா?"

"பேராத்துக்கு இந்தப் பக்கம் டீச்சர். கடைசி ஊரு. அதுக்கு அந்தப் பக்கம் ஊரே கிடையாது."

"எந்தத் தாலுகா?"

"தாலுகா எல்லாம் அங்க இன்னும் வரல."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, எழுத்தில் பிழை இல்லை என்று ஒரு சரி போட்டார். இல்லாத ஊருக்குச் சரி வாங்கிய ஆள் ஸ்ரீரங்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று வீடு திரும்பும் வரை சிரித்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. நெடுங்கல்லை எழுதினால் உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியாது.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு அரைப் பக்கம் எழுத ஒரு சாயங்காலம் வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் கல் நடுவது போல நட்டு, சாய்ந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, பிறகுதான் அடுத்ததற்குப் போகிறேன். அதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எழுதப் போகும் விஷயம்தான் சந்தோஷமானது இல்லை.

நம் சர்வே ஆபீஸில் நீங்கள் படம் வரைபவர், நான் நிலம் அளக்கச் சங்கிலி பிடிப்பவன். மற்ற வரைவாளர்களுக்கு நான் படக்கட்டு தூக்கி வரும் ஆள், அவ்வளவுதான். நீங்கள் மட்டும் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்பீர்கள். "இந்த வளைவுல என்ன இருக்கு மாணிக்கம்?" நான் சொல்வேன், ஒரு பனை இருக்கு சார், அதுல எப்பவும் ஒரு கழுதையைக் கட்டியிருப்பாங்க என்று. "பனைக்குக் குறி இருக்கு. கழுதைக்கு இல்லையே," என்று நீங்கள் உண்மையாகவே வருத்தப்படுவீர்கள்.

கப்பலில் வேலை பார்த்த உங்கள் தம்பி அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஒரு திங்கட்கிழமை நீங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். நீல நிறம். தாயக்கட்டைக்கு நாலு பக்கம் பார்த்திருக்கிறேன். இதற்கு இருபது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க. ஒரு நாடு கட்டணும், என் ஒருத்தனால ஆகாது," என்றீர்கள்.

பாலக்கரையில் உங்கள் வீட்டு முன்னறை. நீங்கள், உங்கள் அக்கா ரோஸி, நான், என்னோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் வரதன். வரதன் பாங்கில் குமாஸ்தா. வீட்டில் பஜனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவார். முதல் நாளே ரோஸி அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க வரதன், எங்க வீட்டுக் காப்பி குடிச்சா பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரா?"

"பெருமாள் ஞாயித்துக்கிழமை ஒண்ணும் கேக்கறதில்லே அக்கா. ஆத்துக்காரிதான் கேப்பா. கொஞ்சம் சக்கரை தூக்கலா போடுங்கோ."

பெட்டியில் இருந்த ஆங்கிலப் புத்தகத்தை நீங்கள் எங்களுக்குத் தமிழில் சொன்னீர்கள். ஒருவர் அந்த நாட்டைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்த நாட்டுக்குள் ஆளாளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், நான் அங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் காயை உருட்ட வேண்டும். ஜெயிப்பது தோற்பது கிடையாது. புத்தகத்தில் இருந்த நாட்டில் பனி பெய்தது. மலைமேல் கோட்டை, குகைக்குள் நெருப்பு கக்கும் பாம்பு.

"பனியா? இந்த வெயில்ல விசிறிக்கிட்டு ஒக்காந்து பனியை எப்படிடா நெனைக்கிறது?" என்றார் அக்கா. அத்தோடு பனி போயிற்று. பாம்பும் போயிற்று. நம் நாட்டை நாமே கட்டத் தொடங்கினோம்.

எனக்கு அதில் கிடைத்த மரியாதையை வேறெங்கும் நான் வாங்கியதில்லை. கெட்டுப்போன வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் நீங்கள் வரைவீர்கள். நான் பக்கத்தில் நின்று சொல்வேன். ஆறு இப்படித் திரும்பினால் உள்பக்கம் மணல் சேரும் சார், வெளிப்பக்கம் கரை அரிக்கும், அங்கே யாரும் குடிசை போட மாட்டார்கள். மத்தியான வெயிலில் சங்கிலி நீளும், நிலம் குறைந்து காட்டும். அதனால் நம் நாட்டில் உச்சிவேளையில் அளந்தால் கேடு என்று ஒரு விதி வந்தது. கருவேலமரம் வந்தது. வரதன் பயப்படுவதற்கென்றே நீங்கள் கழுதைப்புலி ஒன்று வைத்தீர்கள்.

நாட்டின் கதை இதுதான். கிழக்கே அளந்த நிலம். மேற்கே அளக்காத நிலம். நடுவில் பேராறு. அதன் கரையில் நெடுங்கல், கடைசிக் கல் நிற்கும் ஊர். அளக்காத நிலத்துக்கு உயிர் உண்டு. அங்கே குன்றுகள் சாயங்காலத்தில் இடம் மாறி உட்காரும். கிணறு தனக்குப் பிடித்தவர் வீட்டுக்குப் பின்னால் போய்த் திறந்துகொள்ளும். பாதைக்கு உங்களைப் பிடிக்காவிட்டால் திரும்பவும் உங்கள் வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடும். நாம் நாலு பேரும் ஓர் அளவைக் கூட்டம். வாரம் ஒரு கல் மேற்கே நட வேண்டும். அக்கா வண்டிக்காரி, இடுப்பில் அரிவாள். வரதன் வைத்தியர். நீங்கள் கூட்டத்தின் தலைவர், வழியில் எதிர்ப்படும் மற்ற எல்லோரும், காற்று, மழை எல்லாமும் நீங்களே. நான் சங்கிலி பிடிப்பதைத் தவிர எது வேண்டுமானாலும் ஆகிறேன் என்றேன். வழி பார்ப்பவன் என்று வைத்தீர்கள். பிறகு சங்கிலி பிடிக்க ஆள் இல்லை என்று தெரிந்து, அதுவும் என் தலையிலேயே விழுந்தது.

"விதி ஓய்," என்றார் வரதன்.

கல் நட்டால் என்ன ஆகும் என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினோம். கல் நட்ட இடத்துக்கு இப்பால் குன்று அசையாது, பயமில்லாமல் விதைக்கலாம், பிள்ளைகள் தூங்கலாம் என்றீர்கள். சரி சார், ஆனா அந்த மண்ணு அதுக்கப்புறம் பேசாது என்றேன் நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அந்த விதிதான் நம் நாட்டை நாடாக்கியது. அதன் பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் நாலு பேரும் சண்டை போட்டோம். நடலாம் என்று அக்கா, வேண்டாம் என்று நான், எதுவானாலும் சீக்கிரம் என்று வரதன்.

அடுத்த ஞாயிறு மற்றவர்கள் வரும் முன்னால் நீங்கள் கேட்டீர்கள். "மண்ணு பேசாதுன்னு சொன்னீங்களே மாணிக்கம், எப்படித் தோணிச்சு?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன்.

முசிறிப் பக்கம் ஒரு கிராமம். எழுபதுகளின் நடுவில். அப்போது நான் தற்காலிக ஆள், எந்த நாளும் நாளையிலிருந்து வராதே என்று சொல்லலாம். சங்கிலி அளக்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முழுவதையும் எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். அறுபத்தாறு அடிச் சங்கிலி. முன்னால் போகிறவன் சங்கிலி முடியும் இடத்தில் ஒரு முழ நீள இரும்புக் குச்சியைக் குத்துவான். அதை அம்பு என்போம். பின்னால் வருகிறவன் அதைப் பிடுங்கிக்கொண்டு நடப்பான். கடைசியில் பின்னால் வந்தவன் கையில் எத்தனை அம்போ, அத்தனை சங்கிலி. பின்னால் வந்தவன் நான்.

ஆற்றங்கரைக் கல்லிலிருந்து அஞ்சலை என்ற அம்மாவின் வேலி வரை அளந்தோம். அந்த அம்மா தனி ஆள், ஒரு சின்ன மகள். வேலி ஓரத்தில் குடிசை, ஒரு முருங்கை, கைப்பிடிச்சுவர் இல்லாத ஒரு கிணறு. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வாழைத்தோப்பு. நடுவில் ஒரு வாய்க்கால் தாண்ட வேண்டியிருந்தது. முழங்கால் வரை சேறு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேலிக்கு வந்ததும் சர்வேயர் மர நிழலிலிருந்தபடியே "எத்தனை?" என்றார். கையைப் பார்த்தேன். ஆறு. ஆனால் ஏழு முறை குனிந்ததாக எனக்குள் இருந்தது.

"கை ஆறுன்னுச்சு சார், காலு ஏழுன்னுச்சு," என்று உங்களிடம் சொன்னேன். "நான் கையைச் சொன்னேன்."

திரும்பப் போய் அளக்கலாம் என்று சொன்னால் திட்டு விழும். ஆறு என்று அவர் எழுதிக்கொண்டார். சரிபார்க்க இன்னொரு முறை அளக்க வெளிச்சம் இல்லை. மறுநாள் விடிந்ததும் நான் தனியே வாய்க்காலுக்குப் போனேன். சேற்றில் அம்பின் வளையம் மட்டும் தெரிந்தது. எடுத்துக் கழுவி, யாருக்கும் தெரியாமல் மற்ற அம்புகளோடு பையில் போட்டேன். அந்தக் காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, படத்தைப் பார்த்துக் கல் நட அதே ஊருக்குப் போனோம். ஆறாவது சங்கிலியில் கல். அது அந்த அம்மாவின் முற்றத்தில் விழுந்தது. குடிசை, முருங்கை, கிணறு எல்லாம் கல்லுக்கு அந்தப் பக்கம், தோப்புக்காரர் நிலத்தில். குழி வெட்டியது நான். அந்த அம்மா எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்தவர், செம்போடு நின்றார்.

"என் கெணறு அந்தப் பக்கம் போயிடுச்சே தம்பி. நீங்கதானே அன்னைக்கு அளந்தீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. மேல கேளுங்க," என்றேன். செம்பை வாங்கிக் குடிக்கவும் செய்தேன்.

இதை நீங்கள் கடைசி வரை கேட்டுக்கொண்டீர்கள். மறுநாள் ஆபீஸில் அந்தக் கிராமத்துப் படக்கட்டை எடுத்துவரச் சொன்னீர்கள். படத்தை விரித்து ஒரு கோட்டின்மேல் விரலை வைத்தீர்கள். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது, ஆனால் அந்தக் கோட்டின் கை யாருடையது என்று தெரிந்தது. உங்களைப் போல அவ்வளவு மெல்லிசாக யாரும் இழுக்க மாட்டார்கள்.

"நான்தான் வரைஞ்சிருக்கேன். கோடு நேராத்தான் இருக்கு," என்றீர்கள். பிறகு கட்டை நீங்களே கட்டினீர்கள். எப்போதும் அது என் வேலை.

மூன்று ஞாயிறுகள் போயின. நாலாவது ஞாயிறு, நெடுங்கல்லுக்கு மேற்கே புதிய தாள் விரித்தீர்கள். ஒரு வீடு. ஒரு மரம். ஒரு கிணறு. நம் கூட்டம் அங்கே வந்து சேர்கிறது. வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவருகிறாள். அக்கா மாடுகளை அவிழ்ப்பதாகச் சொன்னார். வரதன் தண்ணீரை முதலில் நாய்க்கு வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். பிறகு நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"மாணிக்கம், நீங்க கோடு முடிச்சு வேலிகிட்ட நிக்கிறீங்க. உங்க கையில ஆறு அம்பு இருக்கு. காலு ஏழுன்னு சொல்லுது."

நான் தாளில் இருந்த கிணற்றைப் பார்த்தேன்.

"ஏழுன்னு சொன்னா, தலைவர் உங்களைக் கூட்டத்துலேருந்து விலக்கிடுவார். தனியா மேக்கால போகணும். ஆறுன்னு சொன்னா, கல்லு இந்த முத்தத்துல விழும். என்ன செய்யறீங்க?"

அக்காவுக்கும் வரதனுக்கும் ஒன்றும் தெரியாது. வரதன் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார், "இதுல என்ன ஓய் யோசனை? ஏழுன்னு சொல்லிட்டுப் போமே. பாவம், பொம்மனாட்டி தனியா இருக்கா."

அவ்வளவு எளிதாகச் சொன்னார். அதுதான் என்னைக் குத்தியது. மேஜையில் கை ஊன்றி எழுந்தேன். செருப்பைக்கூட வாசலில் போடவில்லை, கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

நீங்கள் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலேயே வந்தீர்கள். மேல் மூச்சு வாங்கியது உங்களுக்கு.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? அந்தம்மா உசுரோட இருக்கிற பொம்பளை. அவங்களைக் கொண்டுபோய் காய் உருட்டுற எடத்துல வெச்சிட்டீங்களே," என்றேன்.

"வேற எங்க வெக்கிறது மாணிக்கம்? மேப்புல வழி தேடிப் பாத்துட்டேன். உங்க பேரைச் சொல்லாம அதைத் திருத்த முடியல. சொன்னா உங்க வேலை போயிடும். மூணு வாரமாத் தூக்கம் இல்ல. நீங்க அங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு."

"அங்க ஏழுன்னு சொன்னா இங்க அவங்களுக்குக் கெணறு வந்துடுமா?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது நீங்கள் வெறும் காலோடு நின்றிருந்தது தெரிந்தது. என்னைப் பிடிக்க வந்த அவசரத்தில் நீங்களும் செருப்பு போடவில்லை.

அதன் பிறகு நான் பாலக்கரைக்கு வரவில்லை. ஆபீஸில் எதிரெதிரே வந்தால் தலையை அசைத்தோம். கட்டுகளை உங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போவேன். வளைவில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஒரு வருஷத்தில் உங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போகும் நாள் என் தோளைத் தொட்டீர்கள். நான் தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போதெல்லாம் கோபம் ஒரு வசதி, சார். உங்கள்மேல் கோபமாக இருக்கும் வரை அஞ்சலையம்மாவை நினைக்க வேண்டியதில்லை.

நான் ஓய்வு பெற்ற வருஷமே நீங்கள் போய்விட்டீர்கள். வரதன் வந்து சொல்லி அழைத்துப் போனார். அடக்கம் முடிந்து வெளியே வந்து, வேப்பமர நிழலில் மூவரும் நின்றோம். ரோஸி அக்கா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் நீங்கள் அவரிடம் சொல்லியிருந்தீர்கள், நான் எழுந்து போன அன்றே.

"அதுக்கப்புறம் நாங்க விளையாடலப்பா," என்றார். "எத்தனையோ தடவை கேட்டேன், வேற எடத்துக்கு நகத்துடா, இல்ல புதுசா ஆரம்பின்னு. மாட்டேன்னுட்டான். மாணிக்கம் இன்னும் சொல்லலயேம்பான். அந்த வீட்டு முத்தத்துலயேதான் நிக்கிறோம் நாங்க, இத்தனை வருஷமா."

"என் வைத்தியர் அந்த வெயில்லயே நிக்கறார் ஓய்," என்றார் வரதன். சிரிக்க வைக்கத்தான் சொன்னார்.

அன்று பஸ்ஸில் பாலம் தாண்டும்போது, அந்தக் கோட்டைத் திருத்தச் சொல்லி மனு கொடுப்பது என்று முடிவு செய்தேன். மனு எழுதிக்கொடுக்கும் ஆட்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்தான். ஆனால் நான் செய்ததை ஒருவர் எதிரே உட்கார்ந்து வாயால் சொல்லி, அவர் பேனாவால் அது அழகாக மாறுவதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. 'தெரியாமல் நேர்ந்த பிழை' என்று எழுதிவிடுவார்கள். தெரியாமல் நேர்ந்தது முதல் நாள் மட்டும். மறுநாள் காலை வாய்க்காலில் நின்றவனுக்குத் தெரியும். அதை என் கையால் எழுத வேண்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தேன். டீச்சருக்கு அது தெரியாது. பேரப்பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மனு ஒரு பக்கம்தான். 'வேலி வரை ஏழு சங்கிலி. நான் ஆறு என்று சொன்னேன். மறுநாள் அம்பு கிடைத்தது. சொல்லாமல் இருந்தேன்.' இவ்வளவு எழுத நாலு நாள். எழுதி முடித்து ஒருமுறை சத்தமாகப் படித்தேன். என் எழுத்தை நானே படித்ததில் மனம் துள்ளியது, படித்த விஷயத்தில் தலை குனிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதன் என்ன செய்வான் சார்? ஒரு டீ குடித்தேன்.

தாலுகா ஆபீஸில் ஓர் இளைஞர் வாங்கிப் படித்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின விஷயம் பெரியவரே. யார் எழுதிக் குடுத்தது இது?"

"நான்தாங்க."

"சாட்சி?"

"நான்தாங்க."

"குத்தம் பண்ணதுன்னு போட்டிருக்கே, அது யாரு?"

"அதுவும் நான்தாங்க."

அவர் நாற்காலியைக் காட்டினார். உட்காரச் சொல்லி, இரண்டாம் முறை மெதுவாகப் படித்தார். நிலத்துக்கு உரியவர் கையெழுத்தும் வேண்டும் என்றார்.

அஞ்சலையம்மா இல்லை. கல் நட்ட மறு வருஷமே அவர்களைக் கிளப்பிவிட்டார்கள். மகள் சமயபுரத்தில் கோயில் தெருவில் மாவிளக்குச் சாமான் கடை வைத்திருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெயர் செல்வி. இருபத்தைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். கூட்டம் குறையும் வரை எதிர்க்கடை ஓரத்தில் நின்றேன். பிறகு போய், நான் யார் என்று சொல்லி, மனுவை நீட்டினேன். அவள் படிக்கவில்லை. வாயால் சொல்லுங்க என்றாள். சொன்னேன்.

எலுமிச்சம்பழங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் கை நின்றது.

"எங்கம்மா கேட்டாங்களே, அப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க தண்ணி குடிச்சதுகூட ஞாபகம் இருக்கு. அப்ப ஏன் சொல்லல?"

"பயம்மா. வேலை போயிடும்னு."

"எங்களுக்கு வீடு போச்சு."

நான் நின்றேன். அவள் ஒரு பெண்ணுக்கு அகல்விளக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அளந்தவங்க மேல தப்பு இருக்காது, நம்ம பாட்டன்தான் தப்பா வேலி போட்டிருப்பாருன்னு. பாட்டனைத் திட்டிக்கிட்டே செத்தாங்க."

சார், பதினைந்து வருஷத்தில் எனக்கு எத்தனையோ தண்டனை தோன்றியிருக்கிறது. இது தோன்றியதில்லை.

அவள் கையெழுத்துப் போட்டாள். கடைக்குள்ளிருந்து பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள், "கெணத்தைத் தூர்த்து வாழை வெச்சிட்டாங்க. நெலம் வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. ஆனா தப்பு எங்க பாட்டன் மேல இல்லன்னு அந்த ஊர்ல எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லணும். நோட்டீஸ் வந்தா வந்துடுங்க. வராம இருந்தீங்க, நான் ஸ்ரீரங்கத்துக்கே தேடிக்கிட்டு வருவேன்."

"வரேம்மா."

நோட்டீஸ் நேற்று வந்தது. எழுத்து கற்ற பிறகு என் பெயர் போட்டு வந்த முதல் காகிதம். நானே பிரித்தேன், நானே படித்தேன். வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, இடத்தில். தோப்புக்காரரின் மகன் வருவார், வக்கீல் வைத்திருக்கிறாராம். இரண்டு நாள் முன்னால் அவர் ஆள் ஒருவன் வீட்டுக்கு வந்து, வயசான காலத்துல எதுக்கு அலையறீங்க என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனான். வாய்க்கால் இப்போது அங்கே இருக்கிறதா என்று தெரியாது. என் சொல்லை எடுத்துக்கொள்வார்களா என்றும் தெரியாது. பொய் சொல்லக் கிழவனைப் பிடித்து வந்திருக்கிறாள் என்று அந்தப் பெண்ணைத்தான் ஏசுவார்கள் என்று ரோஸி அக்கா பயப்படுகிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

உங்கள்மேல் இருந்த கோபம் முழுவதும் போய்விட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. உயிரோடு இருந்த ஒருவரை அந்தத் தாளில் நீங்கள் வைத்திருக்கக் கூடாது என்றுதான் இன்னும் பாதி நாள் நினைக்கிறேன். மீதிப் பாதி நாள், நீங்கள் அங்கே வைத்திராவிட்டால் நான் எங்குமே என் தப்பின் எதிரில் நின்றிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். உங்கள் மௌனமும் என் மௌனமும் சேர்ந்துதான் அந்தக் கோட்டை இத்தனை வருஷம் நேராக வைத்திருந்தது. மனுவில் உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமோ என்று நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன். எழுதுங்க என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

நாம் கட்டிய நாட்டில் எதற்கும் பயமில்லாமல் மேற்கே போனவன் நான். கழுதைப்புலியை எதிர்த்து நின்றிருக்கிறேன். இங்கே ஒரு செம்புத் தண்ணீரோடு நின்ற பெண்ணுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. அதை நான் போகும் வரை சுமப்பேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்காவும் வரதனும் புதன்கிழமை கூட வருகிறார்கள். வரதன் லீவு போட்டுவிட்டார். முசிறி பஸ்ஸுக்குக் காலை ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும் என்று மூன்று முறை சொல்லிவிட்டார். அங்கே புது ஆட்கள் புது டேப் வைத்து அளப்பார்கள், என் கைக்கு வேலை இருக்காது. ஆற்றங்கரைக் கல்லிலிருந்து நான் சும்மா கூட நடந்து வருவேன். நடந்து முடித்ததும் கேட்பார்கள். ஏழு என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பேன் சார். இந்த முறை எழுந்து போக மாட்டேன்.

மாணிக்கம்